ஊர்ப்பெயரை உடுத்திய சொல்

நுழையும்முன்

ஒரு பொருள் நாடு விட்டு நாடு செல்லும்போது அதன் பெயரும் உடன் செல்கிறது. சென்ற இடத்தில் அப்பெயர் சில வேளைகளில் அப்படியே நிலைக்கிறது. சில வேளைகளில் உருமாறுகிறது. சில வேளைகளில் புதிய பெயர் ஒன்றுக்கு வழிவிட்டு மறைகிறது. உலகெங்கும் அணியப்படும் ஜீன்ஸ் என்னும் ஆடைக்குப் பல மொழிகள் இட்ட பெயர்களை ஒப்பிட்டு, சொற்கடன், சொல்லாக்கம் ஆகியவற்றின் இயல்பை விளக்குகிறது இப்பாடம்.

திருமண வீட்டில், "மணப்பெண் காஞ்சிபுரம் உடுத்தியிருந்தாள்" என்று ஒருவர் கூறினால் கேட்பவர் எவரும் திகைப்பதில்லை. ஊரை உடுத்த இயலாது என்பது எல்லாரும் அறிந்ததே. காஞ்சிபுரம் என்னும் ஊரின் பெயர் அவ்வூரில் நெய்யப்பட்ட பட்டுப்புடவைக்கு ஆகி வந்துள்ளது. இதனை இடவாகுபெயர் என்று தமிழ் இலக்கணம் குறிப்பிடும்.

துணிகளுக்கு ஊரின் பெயர் ஆகி வருவது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. கோழிக்கோட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பருத்தித் துணியை ஆங்கிலேயர் காலிகோ என்றனர். மஸ்லின் என்னும் பெயரில் ஈராக்கின் மோசூல் நகரமும், டமாஸ்க் என்னும் பெயரில் சிரியாவின் டமாஸ்கஸ் நகரமும் உள்ளன. சென்னையிலிருந்து ஏற்றுமதியான கட்டமிட்ட கைத்தறித் துணி உலகச் சந்தையில் இன்றும் மெட்ராஸ் என்றே வழங்குகிறது. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றொரு சொல் ஜீன்ஸ். அதனை அணிவோர், தாம் அறியாமலே, ஓர் இத்தாலிய நகரத்தின் பெயரை உடுத்தியிருக்கின்றனர்.

மூன்று நகரங்கள், மூன்று சொற்கள்

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள ஜெனோவா, இடைக்காலம் முதற்கொண்டு பெரும் வணிகத் துறைமுகமாக விளங்கிய நகரம். பிரெஞ்சு மொழியில் அதன் பெயர் ழேன். ஃபஸ்டியன் என்னும் முரட்டுத் துணி அங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதனை 'ஜெனோவா நகரத்து ஃபஸ்டியன்' என்னும் பொருளில் 'ஜீன் ஃபஸ்டியன்' என்றனர். நாளடைவில் துணியின் பெயரான ஃபஸ்டியன் வழக்கிலிருந்து நழுவியது. ஊரின் பெயரான ஜீன் மட்டும் எஞ்சியது.

தென்பிரான்சில் நீம் என்றொரு நகரம் உள்ளது. அங்கு நெய்யப்பட்ட ஒருவகைத் துணி 'செர்ஜ் த நீம்' எனப்பட்டது. 'நீம் நகரத்துச் செர்ஜ்' என்பது இதன் பொருள். ஆங்கிலேயர் முதற்சொல்லை விட்டுவிட்டு, 'த நீம்' என்னும் எஞ்சிய பகுதியை ஒட்டி ஒரே சொல்லாக்கினர். அதுவே டெனிம் ஆயிற்று என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்ளும் விளக்கம். 'மதுரையின் சுங்குடி' என்பதில் சுங்குடி மறைந்து, 'மதுரையின்' என்னும் உருபேற்ற வடிவமே துணிக்குப் பெயராக நின்றுவிட்டால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறு அமைந்த சொல் டெனிம்.

மூன்றாவது நகரம் இந்தியாவைச் சேர்ந்தது. மும்பையின் டோங்ரி பகுதியோடு தொடர்புடைய தடித்த, மலிவான பருத்தித் துணி 'டுங்ரி' எனப்பட்டது. பாய்மரக் கப்பல்களின் பாய்களுக்கும் கூடாரங்களுக்கும் மாலுமிகளின் உடைகளுக்கும் அது பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்த அப்பெயர் டங்கரீ என்றானது. பின்னர் அத்துணியால் தைத்த வேலையுடைக்கு டங்கரீஸ் என்னும் பெயர் அமைந்தது. நோர்வே மொழியில் இன்றும் டெனிம் துணிக்கு 'டொங்கரி' என்பதே வழக்கு. மும்பைப் பகுதியொன்றின் பெயர் வடகடலோர நாடொன்றின் அன்றாடச் சொல்லாக வாழ்கிறது.

ஜீன், டெனிம் இரண்டும் ஒரே துணியல்ல. இரண்டும் சாய்வரிகள் தோன்றுமாறு நெய்யப்படுபவை. ஆயினும் ஜீன் துணியில் பாவும் ஊடும் ஒரே நிறத்தன. டெனிமிலோ பாவுநூல் மட்டும் நீலச் சாயம் ஏற்றப்பட்டது, ஊடுநூல் வெள்ளை. எனவேதான் டெனிம் துணியின் மேற்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் காணப்படுகிறது. காற்சட்டையின் கீழ்விளிம்பை மடித்துப் பார்க்கும் எவரும் இவ்வேறுபாட்டைக் கண்டறியலாம். இன்று ஜீன்ஸ் என்று அழைக்கப்படும் ஆடை டெனிம் துணியால் தைக்கப்படுவது. அதாவது, ஓர் ஊரின் துணிக்கு மற்றோர் ஊரின் பெயர் அமைந்துவிட்டது. இது நேர்ந்தது அமெரிக்காவில்.

தெரிந்து தெளிவோம்

17ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வாழ்ந்த ஓவியர் ஒருவர் நீலத் துணி உடுத்திய ஏழை மக்களைத் தம் ஓவியங்களில் தீட்டினார். அவருடைய இயற்பெயர் தெரியவில்லை. கலை வரலாற்று அறிஞர்கள் அவருக்கு 'நீல ஜீன்ஸ் ஓவியர்' என்று பெயரிட்டுள்ளனர். தைத்துத் தைத்துக் கிழிந்த அவ்வுடைகள், இத்துணி தொடக்கம் முதலே உழைப்பாளரோடு கொண்டிருந்த உறவைக் காட்டுகின்றன.

தையற்காரர் அடித்த ஆணி

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள ரீனோ என்னும் ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் வாழ்ந்தார். உழைப்பாளரின் காற்சட்டைப் பைகள் விரைவில் கிழிந்து போவதைக் கண்ட அவர், பைகளின் மூலைகளில் செம்பாலான தறையாணிகளை அடித்து இறுக்கினார். அவ்வுடைகளுக்குத் தேவை பெருகியது. காப்புரிமை பெறும் முயற்சியில், தமக்குத் துணி விற்றுவந்த சான் பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராஸைப் பங்காளராகச் சேர்த்துக்கொண்டார். 1873ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டது. டேவிஸ் ரீகா நகரில் பிறந்தவர். ஸ்ட்ராஸ் பவேரியாவில் பிறந்தவர். இருவரும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள்.

அக்காலத்தில் இவ்வாடைக்கு ஜீன்ஸ் என்னும் பெயர் இல்லை. 'இடுப்பு ஓவரால்' என்றே அழைத்தனர். மற்ற உடைகள் அழுக்காகாமல் காக்கும் வேலையுடை என்பது கருத்து. சுரங்கத் தொழிலாளரும் உழவரும் மாடு மேய்ப்போரும் அதனை அணிந்தனர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இளைஞர்கள் அதனைத் தம் விருப்ப உடையாக்கிக்கொண்ட காலத்தில் ஜீன்ஸ் என்னும் பெயர் பரவலாயிற்று. இரண்டு கால்களை உடைய உடைகளின் பெயர்களை ஆங்கிலம் பன்மையில் வழங்கும். எனவே ஜீன் என்பதோடு பன்மை விகுதி சேர்ந்து ஜீன்ஸ் ஆனது.

பெயரிடும் பார்வை

இவ்வாடையைப் புதிதாகக் கண்ட பிறமொழியினர் அதற்குப் பெயரிட வேண்டியவராயினர். ஆங்கிலப் பெயரை அப்படியே ஏற்றோர் பலர். தம் கண்ணுக்கு முதன்மையாகத் தோன்றிய ஒன்றைக் கொண்டு புதுப்பெயர் படைத்தோரும் உண்டு. அப்பெயர்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால், ஒரே பொருளை மக்கள் எத்தனை கோணங்களில் நோக்கினர் என்பது புலப்படும்.

முதலாவது, அணிந்தவரை நோக்கிய பெயர்கள். அமெரிக்கத் திரைப்படங்களில் குதிரைமேல் வரும் மாட்டிடையரின் உடையாக இதனைக் கண்டோர், டேனிஷ் மொழியில் 'கௌபாய்புக்சர்' என்றும் ஸ்லோவேனிய மொழியில் 'கவ்பொய்க்கெ' என்றும் பெயரிட்டனர். சீன மொழியின் 'நியூட்சாய்கூ' என்பதற்கும் மாட்டிடையர் காற்சட்டை என்பதே பொருள். வடவியட்நாமில் இடையரும் மறைந்து 'குவன் பொ', அதாவது 'மாட்டுக் காற்சட்டை' என்று பெயர் சுருங்கிவிட்டது. ஸ்பானிய மொழியில் 'பாக்கா' என்றால் பசு; 'பாக்கேரோ' என்றால் மாடு மேய்ப்பவர்; 'பாக்கேரோஸ்' என்றால் இவ்வாடை. ஹங்கேரியர் உழவரைக் கண்டனர்; 'ஃபர்மெர்' என்றனர். பின்லாந்தினர் 'உழவர் காற்சட்டை' என்னும் தொடரைக் குறுக்கி 'ஃபர்குத்' என்றனர். குரோவாசியர் கண்ணி வைத்து விலங்கு பிடிக்கும் வேட்டைக்காரரை நினைத்து 'ட்ரப்பெரிட்செ' என்றனர்.

இரண்டாவது, இடத்தை நோக்கிய பெயர்கள். எஸ்தோனிய மொழியில் இதன் பெயர் 'டெக்சத்'. அது டெக்சஸ் மாநிலத்தின் பெயரிலிருந்து வந்தது. ஸ்பெயினில் 'டெக்சஸ்காரர்' என்னும் பொருளுடைய 'தெஹானோஸ்' என்பதும் வழக்கில் உள்ளது.

மூன்றாவது, உறுப்பை நோக்கிய பெயர். டச்சு மக்கள் அணிந்தவரையும் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை. பைகளில் மின்னிய ஆணிகளைப் பார்த்தனர். 'ஸ்பெய்க்கர்' என்றால் ஆணி. 'ப்ரூக்' என்றால் காற்சட்டை. 'ஸ்பெய்க்கர்ப்ரூக்' என்பது 'ஆணிக்காற்சட்டை' ஆகும். ஆணியை உடைய காற்சட்டை என விரிவதால், தமிழ் இலக்கணம் இதனை இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று கூறும். ரீனோ நகரத் தையற்காரரின் கைவேலை எந்த மொழியில் நினைவுகூரப்படுகிறதென்றால், அவர் பேசாத இம்மொழியில்தான்.

நான்காவது, நிறத்தை நோக்கிய பெயர். கொரிய மொழியில் 'சொங்' நீலத்தையும் 'பாஜி' காற்சட்டையையும் குறிக்கும். 'சொங்பாஜி' என்பது நீலக்காற்சட்டை, பண்புத்தொகை.

ஐந்தாவது, விற்றவரை நோக்கிய பெயர்கள். துருக்கியில் இவ்வாடையைத் தைத்து விற்ற முன்னோடிகளுள் ஒருவர் முக்தெஷெம் கொத். அவர் குடும்பப்பெயரான 'கொத்' என்பதே துருக்கிய மொழியில் இவ்வாடையின் பொதுப்பெயர் ஆயிற்று. செய்தவரின் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவருவது கருத்தாவாகுபெயர். மேலைநாட்டுப் பொருள்கள் எளிதில் கிடைக்காத காலத்தில் ஸ்லோவாக்கிய மக்களின் கைக்கு வந்த ஓர் இத்தாலிய வணிகக்குறியின் பெயர் 'ரிஃப்லே'. இன்று எந்த நிறுவனத்தின் ஜீன்ஸும் அம்மொழியில் ரிஃப்லேதான்.

இன்றைய ஆங்கிலேயருக்கு ஜீன்ஸ் என்பது காரணம் தெரியாத பெயர். இடுகுறிப்பெயர் போல் வழங்குவது. டச்சுக் குழந்தைக்கோ 'ஆணிக்காற்சட்டை' என்பது காரணம் வெளிப்படையாகத் தெரியும் காரணப்பெயர். புதுச்சொல் படைத்தலால் ஒரு மொழிக்குக் கிடைக்கும் நன்மை இதுவே.

கடன்சொல்லும் இலக்கணமும்

ஆங்கிலச் சொல்லையே கடனாகப் பெற்ற மொழிகளும் அதனைப் பெற்றவாறே வைத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு மொழி, பன்மை விகுதியை நீக்கி, ஒருமையில் 'ஜீன்' என வழங்குகிறது. ரஷ்ய மொழி, 'ஜீன்ஸ்' முழுவதையும் பகுதியாகக் கொண்டு அதன்மேல் தன் பன்மை விகுதியைச் சேர்த்து 'ஜின்ஸி' என்கிறது. அச்சொல்லில் இரு மொழிகளின் பன்மை விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ருமேனிய மொழி, 'புளூ ஜீன்ஸ்' என்னும் இருசொல் தொடரைச் சுருக்கித் தன் விகுதி சேர்த்து 'ப்ளூஜி' என்று ஆக்கிக்கொண்டது. கடன் வாங்கிய துணியைத் தன் அளவுக்கு வெட்டித் தைப்பது போல, ஒவ்வொரு மொழியும் கடன் வாங்கிய சொல்லைத் தன் இலக்கணத்துக்கு ஏற்ப மாற்றியமைக்கிறது.

தமிழில்

தமிழர் உடைவரலாற்றில் காற்சட்டை பிற்காலத்தது. அதற்கு இடப்பட்ட பெயர்களிலும் மேற்கண்ட இருவழிகள் உள்ளன. உடலின் மேற்பகுதியில் அணியும் சட்டையை ஒப்புமையாகக் கொண்டு காலுக்கு அணிவதைக் காற்சட்டை என்றது சொல்லாக்கம். ஈழத்தமிழில் வழங்கும் 'களிசான்' போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்ற கடன்சொல். போர்த்துக்கீசிய மொழி பேசும் பிரேசில் நாட்டில் ஜீன்ஸுக்குக் 'கால்சா ஜீன்ஸ்' என்று பெயர். அதில் உள்ள கால்சாவும் களிசானும் ஒரு வேரில் கிளைத்தவை.

ஜீன்ஸ் என்னும் சொல் தமிழில் நுழைந்தபின் அடைந்த மாற்றங்கள் கருதத்தக்கவை. ஸகர மெய்யில் சொல் முடிவது தமிழின் ஒலியியல்புக்கு ஒவ்வாது. எனவே பேச்சுவழக்கு உகரம் சேர்த்து 'ஜீன்ஸு' என்கிறது. ஜீன்ஸை, ஜீன்ஸுக்கு, ஜீன்ஸோடு என வேற்றுமை உருபுகளும் இயல்பாகச் சேர்கின்றன. ஆங்கிலத்தில் பன்மை வினை கொள்ளும் இச்சொல், தமிழில் 'ஜீன்ஸ் கிழிந்தது' என ஒருமை வினை கொள்கிறது. 'கிழிந்தன' என்று எவரும் கூறுவதில்லை. ஆங்கிலத்தின் பன்மை விகுதியைத் தமிழ், சொல்லின் ஓர் எழுத்தாகவே கருதிவிட்டது.

மக்கள் வழக்கில் 'ஜீன்ஸ் பேண்ட்', 'ஜீன்ஸ் சட்டை', 'ஜீன்ஸ் துணி', 'ஜீன்ஸ் பை' ஆகிய தொடர்களும் உள்ளன. ஆடையின் பெயரோடு மீண்டும் பேண்ட் சேர்ப்பது கூறியது கூறலாகத் தோன்றலாம். உண்மையில் இங்கு ஜீன்ஸ் என்பது ஆடையை அன்று, துணியைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் துணியின் பெயராகத் தொடங்கி ஆடையின் பெயராக மாறிய சொல்லைத் தமிழ்ப் பேச்சுவழக்கு மறுபடியும் துணியின் பெயராக ஆளுகிறது. இது பிழையன்று, சொல்லின் பழம்பொருளுக்குத் திரும்பிய வழக்கு.

பிறமொழிச் சொல் தமிழுக்கு வருவது புதிதன்று. வடசொல்லைத் தமிழ்ச் செய்யுளுக்கு உரிய சொல்வகை நான்கனுள் ஒன்றாகத் தொல்காப்பியர் எச்சவியலில் ஏற்றுக்கொள்கிறார். அவ்வாறு ஏற்கும்போது வடமொழிக்கே உரிய எழுத்துகளை நீக்கித் தமிழ் எழுத்துகளோடு பொருந்துமாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. இந்நெறியைப் பின்பற்றிச் 'சீன்சு' என எழுதுவாரும் உளர். ஒலி மாறினாலும் மொழியின் எழுத்தமைதி காக்கப்பட வேண்டும் என்பது அவர்தம் கருத்து. மூலச்சொல்லை அடையாளம் காண இயலாதவாறு ஒலி மாறிவிடக் கூடாது என்பது மறுசாராரின் கருத்து.

புதுச்சொல் படைப்பது எளிதன்று என்பதற்கும் இவ்வாடையே சான்று. டேனியர் போலத் தமிழரும் அணிந்தவரை நோக்கிப் பெயரிட்டால் 'ஆயர் காற்சட்டை' என்று கூறலாம். பொருள் பிழையன்று. ஆனால், ஆயர் என்றதும் தமிழர் உள்ளத்தில் தோன்றுவது முல்லை நிலமும் குழலோசையும் ஏறு தழுவுதலும். டெக்சஸ் புல்வெளியில் குதிரைமேல் செல்லும் இளைஞன் அங்குத் தோன்றுவதில்லை. ஒரு சொல் தன் அகராதிப் பொருளை மட்டும் சுமப்பதில்லை. தன் நிலத்தையும் சுமந்து வருகிறது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்போர் இழப்பது அந்நிலத்தை. ஆணி, நிறம், துணி போன்ற காட்சிக்குப் புலனாகும் கூறுகளை அடிப்படையாகக் கொண்ட சொல்லாக்கங்களுக்கு இவ்விடர்ப்பாடு குறைவு.

வீடு திரும்பிய சொற்கள்

இன்று ஜெனோவா நகர மக்களும் இவ்வாடையை ஜீன்ஸ் என்றே அழைக்கின்றனர். தங்கள் ஊரின் பெயர் ஆங்கிலத்தில் உருமாறித் தங்களிடமே அயற்சொல்லாக வந்திருக்கிறது. பிரெஞ்சு மக்கள் டெனிம் என்னும் சொல்லை ஆங்கிலத்திலிருந்து கடன் பெற்றனர். 'த நீம்' என அவர்கள் மொழியிலிருந்து சென்றதே அது. மும்பைக் கடைகளில் குழந்தைகளுக்கு விற்கப்படும் டங்கரீஸும் அவ்வாறே. மூன்று ஊர்களின் பெயர்களும் தாய்வீட்டுக்கு விருந்தினராய்த் திரும்பியுள்ளன.

திரும்பி வராத செய்திகளும் உண்டு. இத்துணிக்கு நிறமூட்டிய அவுரிச் சாயத்தை ஆங்கிலம் இண்டிகோ என்கிறது. 'இந்தியாவினது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. பெயரில் இந்தியா உள்ளது. தம் நிலத்தில் அவுரி பயிரிடுமாறு வற்புறுத்தப்பட்ட இந்திய உழவரின் துயரம் அப்பெயரில் இல்லை. பீகாரின் சம்பாரணில் 1917ஆம் ஆண்டு அவர்களுக்காகவே காந்தியடிகள் அறப்போராட்டம் நடத்தினார். டோங்ரித் துணியை நெய்தவர் யார் என்பதையும் டங்கரீ என்னும் சொல் கூறுவதில்லை. சொற்கள் ஊரைச் சொல்கின்றன. வாங்கியவரை, விற்றவரை, அணிந்தவரைச் சொல்கின்றன. நெய்தவரையும் சாயம் ஏற்றியவரையும் பெரும்பாலும் சொல்வதில்லை. அவர்களை அறிய, சொல்லோடு நில்லாமல் அச்சொல்லின் வரலாற்றையும் கற்க வேண்டியுள்ளது.

பிறமொழிச் சொல்லை ஏற்பதால் மட்டும் ஒரு மொழி தாழ்வதில்லை. ஏற்ற சொல்லைத் தன் இலக்கணத்துக்குள் கொண்டுவரும் ஆற்றலும், வேண்டும்போது தன் பார்வையில் புதுச்சொல் படைக்கும் ஆற்றலும் மொழிக்குத் தேவை. அவ்விரண்டும் தமிழுக்குத் தொல்காப்பியர் காலம் முதற்கொண்டு உள்ளவை. எச்சொல்லை ஏற்பது, எதற்குப் புதுப்பெயர் படைப்பது என்னும் தெரிவு அவ்வக்காலத்தில் மொழியைப் பேசுவோரிடம் உள்ளது.

சொல்லும் பொருளும்

பாவு – தறியில் நீளவாக்கில் செல்லும் நூல்
ஊடு – பாவின் குறுக்கே செல்லும் நூல்
தறையாணி – இருபுறமும் அடித்து இறுக்கப்படும் ஆணி
அவுரி – நீலச் சாயம் தரும் செடி

இலக்கணக்குறிப்பு

காஞ்சிபுரம் (உடுத்தினாள்) – இடவாகுபெயர்
நீலக்காற்சட்டை – பண்புத்தொகை
ஆணிக்காற்சட்டை – இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நெய்யப்படும் அல்லது விற்கப்படும் துணிவகைகளுள் ஊர்ப்பெயரால் வழங்குவனவற்றைத் தொகுத்து, அவற்றை நெய்வோர் பற்றிய குறிப்புகளுடன் வகுப்பறையில் வழங்குக.

2. வணிகக்குறியின் பெயரே பொருளின் பொதுப்பெயராக உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களைப் பட்டியலிடுக.

3. அணிந்தவர், உறுப்பு, நிறம், துணி ஆகிய நான்கு பார்வைகளில் ஜீன்ஸுக்கு நான்கு தமிழ்ப் பெயர்களைப் படைத்து, அவற்றுள் வழக்கில் நிலைக்கத் தக்கது எது என்று குழுவாகக் கலந்துரையாடுக.

சிந்தனை வினாக்கள்

1. 'ஜீன்ஸ் பேண்ட்' என்னும் வழக்கு பிழையன்று என்று கூறக் காரணம் யாது?

2. 'ஒரு சொல் தன் நிலத்தையும் சுமந்து வருகிறது' – பாடப்பகுதிச் சான்றுகளுடன் விளக்குக.

3. பிறமொழிச் சொற்களைத் தமிழில் எழுதுவது குறித்த இருவேறு கருத்துகளை ஒப்பிட்டு, உம் முடிவைக் காரணத்துடன் எழுதுக.